பள்ளிக்குப் போகும் வழி: வேன், மோட்டார் சைக்கிள், சைக்கிள், நடை – சுங்கை சிப்புட் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

பள்ளி ஆண்டு தொடங்கும் நேரம் வந்தால் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பெற்றோர் ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்கிறார்கள். வேன் கட்டணம் கட்டி முடியவில்லை, பள்ளியோ ஒரு கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது, பிள்ளையை நடந்து போகச் சொல்லலாமா? ஆறாம் ஆண்டில் படிக்கும் மகன் சைக்கிள் கேட்கிறான், வாங்கித் தரலாமா? வேலைக்குப் போகிற வழிதானே, மோட்டார் சைக்கிளிலேயே இறக்கிவிட்டால் என்ன?

தோட்டத்திலேயே பிறந்து தோட்டத்திலேயே படித்த தலைமுறைக்கு இந்தக் கேள்வி எழவில்லை. லயத்து வீடுகளுக்கும் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கும் இடையில் இருந்தது பெரும்பாலும் ஒரு செம்மண் பாதைதான். பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் நகரத்தை ஒட்டிய தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்கு, குடிபெயர்ந்த பிறகு, வீடு ஓரிடத்திலும் பள்ளி ஓரிடத்திலும் ஆயின. பல குடும்பங்களுக்கு அவை இரண்டுக்கும் நடுவில் கூட்டரசுச் சாலை 1 ஓடுகிறது. அந்தச் சாலையை ஏழு வயதுப் பிள்ளை எப்படிக் கடக்கப் போகிறது என்பதைத் தீர்மானிக்காமல் எந்த வழியையும் தேர்ந்தெடுக்க முடியாது என்பதே இக்கட்டுரையின் அடிப்படை.

எவற்றை வைத்து எடை போடுவது

தொலைவைத்தான் பலரும் முதலில் பார்க்கிறார்கள். வழியில் உள்ள மிக ஆபத்தான ஒரே ஓர் இடத்தை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டு கிலோமீட்டர் தோட்டச் சாலையில் நடப்பதைவிட, நாற்பது மீட்டர் அகலமுள்ள ஒரு சந்திப்பைக் கடப்பது பிள்ளைக்குக் கடினமாக இருக்கலாம்.

இரண்டாவது, வெளிச்சம். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 அன்று அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. அதனால் பேராக்கில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 7 மணிக்கும் 7.30க்கும் இடையில்தான் உதிக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் 7.30ஐ நெருங்கிவிடுகிறது. 7.30க்குப் பள்ளி மணி அடிக்குமானால், 6.45க்கு வீட்டைவிட்டுக் கிளம்பும் பிள்ளை இருட்டில்தான் போகிறது. மாணவியர் அணியும் கருநீலப் பினஃபோர் அந்த இருட்டில் ஓட்டுநரின் கண்ணுக்கு எளிதில் படாது.

மூன்றாவது, பிள்ளையின் வயது. வருகிற வண்டியின் வேகத்தையும் தொலைவையும் ஒருசேர மதிப்பிடும் திறன் ஒன்பது, பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. கெட்டிக்காரப் பிள்ளை, சொன்னால் கேட்கும் பிள்ளை என்பதெல்லாம் இதற்கு ஈடாகாது.

நான்காவது, குடும்பத்தின் பணமும் நேரமும். ஐந்தாவது, அந்தச் சாலை யாருடையது என்பது. ஒரு சாலையைச் சீர்படுத்த முடியுமா, யாரிடம் கேட்பது என்பதெல்லாம் அதைப் பொறுத்ததே என்பதால், பெற்றோர் அதிகம் பேசாத இந்த ஐந்தாவது அளவுகோலுக்கு இறுதியில் தனி இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

பிற நாட்டு அரசுகள் செய்து பார்த்தவை

பிள்ளைகள் நடந்தும் சைக்கிளிலும் பள்ளிக்குப் பாதுகாப்பாகச் செல்ல அரசே பணம் ஒதுக்கும் திட்டங்கள் புதியவை அல்ல. டென்மார்க்கின் ஓடென்ஸ நகரம் 1970களில் இதைத் தொடங்கியது. அமெரிக்காவில் 1969இல் பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய 48 விழுக்காட்டினர் நடந்தோ சைக்கிளிலோ சென்றார்கள்; 2009இல் அது சுமார் 13 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது. கலிபோர்னியா மாநிலம் 1999இல் தனிச் சட்டம் இயற்றியது. 2005இல் அமெரிக்கக் கூட்டரசு, ஐந்து நிதியாண்டுகளுக்கு 61 கோடியே 20 இலட்சம் டாலரை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்கென முழுநேர ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதும், மாநிலத்துக்குக் கிடைக்கும் பணத்தில் 70 முதல் 90 விழுக்காடு நடைபாதை, கடப்பு, வேகத்தடை போன்ற கட்டுமானப் பணிகளுக்கே போக வேண்டும் என்பதும் நிபந்தனைகள். பள்ளியைச் சுற்றி இரண்டு மைல், அதாவது சுமார் 3.2 கிலோமீட்டருக்குள் அந்த வேலைகள் நடக்க வேண்டும். எஞ்சிய பணம் கற்பித்தலுக்கும் ஊக்கமூட்டலுக்கும் போக்குவரத்துக் கண்காணிப்புக்கும் உரியது.

இந்தப் பங்கீடு நமக்கு ஒரு பாடம். நம் நாட்டில் ஆரம்பப் பள்ளிகளில் சாலைப் பாதுகாப்புக் கல்வி 2007இல் தொடங்கி நடந்துவருகிறது. வலப்புறம் பார், இடப்புறம் பார், மீண்டும் வலப்புறம் பார் என்று பிள்ளைக்குச் சொல்லித்தரும் பங்கு நம்மிடம் ஏற்கெனவே உண்டு. பாதை போட்டுத்தரும் பங்குதான் தோட்டப்புற நகரங்களில் மெலிந்து கிடக்கிறது. நடைபாதையே இல்லாத சாலையில் பிள்ளையை நடக்கச் சொல்லி ஊக்குவிப்பது, பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலையைப் பிள்ளையின் தலையில் சுமத்துவதாகும்.

அமெரிக்காவில் 2012இல் இத்திட்டம் வேறொரு பெரிய நிதியோடு இணைக்கப்பட்டது. அதன் பின் உள்ளூர் நிர்வாகம் செலவில் பொதுவாக 20 விழுக்காட்டைத் தானே போட வேண்டியதாயிற்று. விண்ணப்பம் எழுத ஆள் இல்லாத, பங்குப் பணம் இல்லாத ஏழை ஊர்களுக்கு இது சுமையானது. சிறிய தோட்டப் பள்ளிகளின் நிலையும் அதுதான். எந்தத் திட்டம் அறிவிக்கப்பட்டாலும் நகரத்துப் பெரிய பள்ளியின் விண்ணப்பமே முதலில் போய்ச் சேருகிறது.

பள்ளி வேன்

கூட்டரசுச் சாலையைக் கடந்தாக வேண்டிய சிறு பிள்ளைக்கும், மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் தோட்டத்துக்குள் இருக்கும் பிள்ளைக்கும், அதிகாலையிலேயே பெரட்டுக்கு (தோட்ட வேலைக்கான காலை வருகைப் பதிவுக்கு) போய்விடும் பெற்றோருக்கும் வேன்தான் இன்றைய நிலையில் சிறந்த வழி. இதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் எந்த வேன் என்பது முக்கியம். உரிமம் பெற்ற பள்ளி வேன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கீகரிக்கப்பட்ட வாகனப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதன் ஓட்டுநரிடம் பயணிகளை ஏற்றுவதற்கான தனி உரிமம் இருக்க வேண்டும். வெள்ளை நிறத் தனியார் வேனில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கட்டணம் வாங்குகிறவரிடம் இவை எதுவும் இருக்காது. சொந்தப் பயன்பாட்டுக்கென எடுத்த காப்பீடு, கூலிக்கு ஆள் ஏற்றும்போது நடக்கும் விபத்துக்குப் பொறுப்பேற்க மறுக்கலாம். மாதம் பத்து, பதினைந்து வெள்ளி (ரிங்கிட்) குறைவு என்பதற்காக இத்தகைய வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வெளியே தெரியாத செலவுகளும் உண்டு. மாதம் ஒரு பிள்ளைக்கு 60 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், பதினொரு மாதத்துக்கு 660 வெள்ளி. இரண்டு பிள்ளைகளுக்கு 1,320 வெள்ளி. அரசு ஒவ்வொரு பிள்ளைக்கும் வழங்கும் 150 வெள்ளி தொடக்கப் பள்ளி உதவித்தொகை இதில் மூன்று மாதத்தைக்கூட முழுமையாகத் தாங்காது. விடுமுறை மாதத்துக்கும் கட்டணம் உண்டா, புறப்பாட நடவடிக்கை உள்ள நாளில் மாலையில் வண்டி வருமா என்பவற்றை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். முதலில் ஏற்றப்படும் பிள்ளை கடைசியில் ஏறும் பிள்ளையைவிட முக்கால் மணி நேரம் முன்னதாகவே எழ வேண்டியிருக்கும். அந்தத் தூக்கமும் ஒரு செலவுதான். இருக்கைக்கு மேல் பிள்ளைகளை அடைத்து ஏற்றினால் வேனின் பாதுகாப்பு என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமல் போகும். ஆகவே வண்டியின் வெளித்தோற்றத்தைப் பார்ப்பதைவிட, ஒரு நாள் காலை பள்ளி வாசலில் நின்று எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மோட்டார் சைக்கிள்

நம்மிடையே மிகப் பரவலான வழி இது. எளிதானது, வாசல்வரை கொண்டுபோய் விடுவது, தனிக் கட்டணம் இல்லாதது. நான்கு வழிகளில் மிக ஆபத்தானதும் இதுவே.

மலேசியச் சாலைகளில் அண்மைய ஆண்டுகளில் ஆண்டுதோறும் 6,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருக்கிறார்கள். அவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். தலைக்கவசம் 1973 முதல் கட்டாயம். பின்னால் ஒருவருக்கு மட்டுமே இடம். ஆனால் காலை 7.15க்குப் பள்ளி வாசலில் நாம் காண்பது என்ன? முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் இரண்டு, நடுவில் புத்தகப் பைகள். தலைக்கவசம் அப்பாவுக்கு மட்டும். 2020 ஜனவரி 1 முதல் காரில் சிறு பிள்ளைக்குத் தனி இருக்கை கட்டாயமாக்கப்பட்டது. கார் வாங்க இயலாத குடும்பத்தின் பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு எட்டவில்லை. பெற்றோரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. வேலை நேரமும் வருமானமும் வேறு வழி விட்டுவைக்காத குடும்பங்கள் பல உள்ளன என்பதை அறிவேன்.

மோட்டார் சைக்கிள்தான் என்று முடிவானால், பிள்ளையின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் தலைக்கவசத்தை அதன் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரியவரின் கவசத்தைப் பிள்ளைக்கு மாட்டினால் விழும்போது கழன்றுவிடும். பிள்ளையின் கால் மிதியில் பதியும் உயரம் வரும்வரை பின்னிருக்கையில் வைக்க வேண்டாம். இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு முறை போய்வர வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால், ஒருவருக்காவது வேனோ நடைக் குழுவோ தேவை.

இந்த வழிக்கு மற்றொரு விலையும் உண்டு. அதைச் செலுத்துவது பிறர் வீட்டுப் பிள்ளைகள். வாசலில் குவியும் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் திரும்பும் இடத்தில்தான் நடந்து வரும் பிள்ளைகள் நெரிசலில் சிக்குகிறார்கள். போக்குவரத்து பயமாக இருக்கிறது என்று ஒரு குடும்பம் வண்டியில் கொண்டுவந்து விட, அந்த வண்டியே அடுத்த குடும்பத்தின் பயத்துக்குக் காரணமாகிறது.

சைக்கிள்

இதில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்குக் கூட்டரசுச் சாலையில் சைக்கிள் வேண்டாம். தோட்டத்தின் உட்சாலையிலும், தாமானுக்குள்ளும், பள்ளி அதே பக்கத்தில் இருந்தால், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போகலாம். இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு, சாலையோரம் அகலமாக இருக்குமானால், இரண்டு முதல் நான்கு கிலோமீட்டர் தொலைவுக்குச் சைக்கிளை மிஞ்சிய வழி இல்லை.

தமிழ்நாட்டு அரசின் இலவச மிதிவண்டித் திட்டத்தைச் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். 2001-02இல் ஆதி திராவிடர், பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிப் பின்னர் விரிவாக்கப்பட்ட அத்திட்டம் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கானது. பீகார் 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. மாணவியர் சேர்க்கை சுமார் 30 விழுக்காடு உயர்ந்ததாக ஆய்வாளர்கள் கண்டார்கள். இரண்டும் பாராட்டத்தக்கவை. ஆனால் அவை தீர்த்தது தொலைவு என்ற சிக்கலை. பயன்பெற்றவர்கள் பதின்ம வயதினர். ஏழு வயதுப் பிள்ளைக்கு அவற்றை முன்மாதிரியாகக் கொள்ள முடியாது.

2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் மாற்றியமைத்த சைக்கிள்களில் நள்ளிரவுக்குப் பின் சாலையில் கூடிய சிறுவர்கள் எட்டுப் பேர் மாண்ட நிகழ்வு பெற்றோர் மனத்தில் இன்னும் இருக்கிறது. பள்ளிக்குப் போகும் சைக்கிளை அதோடு சேர்த்து எண்ண வேண்டியதில்லை என்றாலும், பிரேக் கழற்றப்பட்ட சைக்கிளை எந்த வயதிலும் அனுமதிக்கக் கூடாது. முன்பின் விளக்கு, பூட்டு, தலைக்கவசம், பள்ளியில் நிறுத்த இடம் ஆகிய நான்கும் சைக்கிளின் விலையோடு சேர்ந்தவை. பிள்ளைக்குக் கட்டாயம் கற்பிக்க வேண்டிய ஒன்று: இடப்புறம் திரும்பக் காத்திருக்கும் செம்பனைக் குலை லாரியின் இடப்பக்கத்தில் ஒருபோதும் நுழையக் கூடாது. அந்த இடம் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது.

நடை

ஒரு கிலோமீட்டர் நடக்கச் சிறு பிள்ளைக்குப் பதினைந்து முதல் இருபது நிமிடம் ஆகும். தனியாக நடப்பதும் குழுவாக நடப்பதும் ஒன்றல்ல; இக்கட்டுரை பரிந்துரைப்பது குழு நடையை மட்டுமே.

ஆஸ்திரேலியாவில் 1990களில் எழுந்து அமெரிக்க மாநிலங்களிலும் பரவிய ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரு பெரியவர் வழியின் முதல் வீட்டில் தொடங்கி, குறித்த நேரத்தில் குறித்த இடங்களில் நின்று பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டே பள்ளிவரை நடந்து செல்வார். இதை நடைப் பேருந்து என்று அழைக்கலாம். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்றும், நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் என்றால் மூவருக்கு ஒருவர் என்றும் பரிந்துரைக்கிறது. பன்னிரண்டு தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள் போதும். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால்.

நம் ஊரில் இதற்குத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற தாத்தாக்களும், காலையில் எப்படியும் பேரப்பிள்ளையைக் கொண்டுபோய் விடும் பாட்டிகளும், கோயில் தொண்டர்களும் முறை வைத்து நடந்தால் வாரம் ஒரு நாள்தான் ஒருவருக்கு வரும். ஆனால் முறை தவறினால் என்ன செய்வது என்பதை முதல் நாளே எழுதிவைக்க வேண்டும். பாட்டி ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அன்று பன்னிரண்டு பிள்ளைகள் வாசலில் காத்து நிற்பார்கள். இந்த ஏற்பாடு உடைவது பெரும்பாலும் சாலையில் அல்ல, இத்தகைய ஒரு காலையில்தான். அதன்பின் பெற்றோர் ஒவ்வொருவராக விலகிக்கொள்வார்கள். மாற்று ஆள் இருவரின் பெயர் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

நடையின் மறைந்த செலவுகள் பணமாக வருவதில்லை. பெரியவரின் நேரம், மழைக்கோட்டு, ஒளி பிரதிபலிக்கும் பட்டை, புத்தகப் பையின் பாரம், தெருநாய், மூடியில்லாத சாலையோரக் கால்வாய் எல்லாம் கணக்கில் வர வேண்டும். பட்டையைப் பையின் பின்புறத்திலும் தோள்வாரிலும் தைத்துவிட்டால் கருநீலச் சீருடையின் குறை பெருமளவு தீரும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் மொத்தமாக வாங்கிக் கொடுக்கக்கூடிய மலிவான பொருள் அது. பிற்பகல் திரும்பும் நடை காலை நடையைவிடக் கடினம். வெயில் ஒரு பக்கம், பெரியவர்கள் வேலையில் இருக்கும் நேரம் என்பது மறுபக்கம். காலையில் நடை, பிற்பகலில் வேன் என்று பாதிக் கட்டணத்துக்கு ஒப்புக்கொள்ளும் வேன்காரரை முதலில் கேட்டுப் பார்ப்பது நல்லது.

இத்தனை தொல்லைக்குப் பின்னும் நடையை நான் ஆதரிப்பதற்குக் காரணம் உண்டு. பிள்ளை தன் ஊரின் சாலையைப் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு படிப்படியாகக் கற்றுக்கொள்வது நடையில் மட்டுமே நிகழ்கிறது. ஆறு ஆண்டுகள் வேனின் கண்ணாடி வழியாகவே சாலையைப் பார்த்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியின் முதல் நாளில் திடீரென்று தனியாகக் கடக்க வேண்டியதாகிறது.

பாதி வண்டி, பாதி நடை

பள்ளியிலிருந்து முந்நூறு, நானூறு மீட்டரில், பள்ளி இருக்கும் அதே பக்கத்தில், கோயில் வளாகமோ மண்டபமோ இருக்குமானால் வேன்களும் மோட்டார் சைக்கிள்களும் அங்கே பிள்ளைகளை இறக்கிவிடலாம். அங்கிருந்து குழுவாக நடக்கலாம். வாசல் நெரிசல் குறையும், தோட்டத்துக்குள்ளிருந்து வரும் பிள்ளைக்கும் நடை வாய்க்கும். எதிர்ப்பக்கத்தில் இடம் கிடைக்கிறது என்பதற்காகச் சாலையின் மறுபக்கத்தில் இறக்கும் இடத்தை அமைத்தால், இருந்த ஆபத்தைக் கூட்டியவர்களாவோம்.

யாருக்கு எது

கூட்டரசுச் சாலையைக் கடக்க வேண்டியவர்கள், அங்கே விளக்குடன் கூடிய கடப்போ மேம்பாலமோ வரும்வரை, நான்காம் ஆண்டுக்குக் கீழ் உள்ள பிள்ளையை உரிமம் பெற்ற வேனில் அனுப்புங்கள். ஒரே பக்கத்தில் ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் குழு நடையைத் தொடங்குங்கள். தோட்டத்துக்குள் வீடும் பள்ளியும் இருந்தால் பெரிய பிள்ளைகளுக்குச் சைக்கிள், சிறியவர்களுக்கு நடை. வேறு வழியே இல்லாமல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள், ஒரு பயணத்துக்கு ஒரு பிள்ளை, ஒரு கவசம் என்ற வரம்பை மீறாமல் இருந்தாலே ஆபத்தில் பெரும் பகுதி குறையும். பணம் மட்டுமே தடையாக இருக்கும் குடும்பத்துக்கு, நடைப் பேருந்துக்குத் தேவையான தொகையைவிட வேன் கட்டணத்தில் பாதியைச் சங்கம் ஏற்பது சில நேரங்களில் பயன் தரும். குறிப்பாக, அந்தப் பிள்ளை சாலையின் மறுபக்கத்தில் இருந்தால்.

சாலை யாருடையது, யாரிடம் கேட்பது

கூட்டரசுச் சாலை 1இல் கடப்போ விளக்கோ வேண்டுமென்றால் மாவட்டப் பொதுப்பணித் துறை அலுவலகத்துக்கு எழுத வேண்டும். தாமானுக்குள் உள்ள சாலை, தெருவிளக்கு, கால்வாய் மூடி ஆகியவற்றுக்குக் கோலகங்சார் நகராண்மைக் கழகம் பொறுப்பு. தோட்டத்தின் உட்சாலை தோட்ட நிறுவனத்தின் சொத்து; அங்கே வேகத்தடை போட அரசுத் துறை வராது, தோட்ட நிர்வாகியிடம்தான் கேட்க வேண்டும். குலை லாரிகளை 6.45 முதல் 7.30 வரை நிறுத்திவைக்கும்படி நிர்வாகியிடம் கேட்பதற்குச் செலவே இல்லை. தவறான அலுவலகத்துக்குப் போன கடிதம் ஓர் ஆண்டு மேசைமேல் கிடந்துவிட்டுத் திரும்பிவரும்.

கடிதத்தில் "சாலை ஆபத்தாக உள்ளது" என்று மட்டும் எழுதினால் போதாது. காலை 6.45 முதல் 7.30 வரை அந்த ஒரே இடத்தில் எத்தனை பிள்ளைகள் கடந்தார்கள், எத்தனை லாரிகள் போயின என்று ஒரு வாரம் எண்ணி எழுதுங்கள். அருகிலுள்ள மின்கம்பத்தின் எண்ணைக் குறிப்பிட்டால் அதிகாரி இடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. இருட்டில் எடுத்த ஒரு படமும் பகலில் எடுத்த ஒரு படமும் இணையுங்கள். பள்ளி மேலாளர் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து கையொப்பமிட்டு, சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு நகல் அனுப்புங்கள். அடுத்த ஆண்டின் செலவுக் கணக்கு ஆண்டின் பிற்பாதியிலேயே முடிவாகிவிடும் என்பதால், ஜூன் மாதத்துக்குள் கடிதம் போய்ச் சேர்வது நல்லது.